பித்தாகரஸ் கூட்டத்தோட பத்து ஜோடி: ஒத்தை ரெட்டைக்குள்ள உலகம் அடங்குமா?

கூழாங்கல் எழுதியது:

பித்தாகரஸ்னாலே நமக்கு செங்கோண முக்கோணம், கர்ணம், அதோட கதை முடிஞ்சுது. ஆனா அவர் பேர சொல்லிக்கிட்டு தெற்கு இத்தாலில, அதாவது அப்ப கிரேக்கர்கள் குடியேறியிருந்த குரோட்டன், டாரன்டம் அந்தப் பக்கம், இருந்த கூட்டம் பிரபஞ்சத்த பத்தி சொன்னது தனி ரகம். மனுஷன் கிமு 530 வாக்குல சாமோஸ் தீவுலேர்ந்து குரோட்டனுக்கு வந்தவர், கைப்பட ஒரு வரி எழுதி வைக்கல, அதனால எது அவர் சொன்னது எது சிஷ்யனுங்க சொன்னதுன்னு பிரிக்கவே முடியாது. அரிஸ்டாட்டிலே உஷாரா "பித்தாகரஸ்காரங்கன்னு சொல்லப்படுறவங்க"ன்னு தான் எழுதுறாரு.

அதே அரிஸ்டாட்டில் மெட்டாபிசிக்ஸ் முதல் புத்தகத்துல, அந்தக் கூட்டத்துல சிலர் வச்சிருந்த ஒரு பட்டியல தர்றாரு. எல்லாத்துக்கும் மூலம் இந்தப் பத்து ஜோடிதானாம்:

வரம்பு – வரம்பில்லாதது, ஒத்தை – ரெட்டை, ஒன்று – பல, வலது – இடது, ஆண் – பெண், நிக்கிறது – நகர்றது, நேர் – வளைவு, வெளிச்சம் – இருட்டு, நல்லது – கெட்டது, சதுரம் – செவ்வகம்.

இத படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு உறுத்தல். இது ஒரு லிஸ்ட் இல்ல, ரெண்டு லிஸ்ட்ட ஒட்டுப் போட்டு தச்சிருக்காங்க. வரம்பு, ஒத்தை ரெட்டை, சதுரம் செவ்வகம் இதெல்லாம் தரைல கல்ல அடுக்கி காட்ட முடிஞ்ச சமாச்சாரம். வலது, ஆண், நல்லது இதெல்லாம் ஊர்ல ஏற்கனவே இருந்த அபிப்பிராயம், எண்ணுக்கு இருந்த மரியாதைல வித்தவுட்ல வண்டி ஏறிடுச்சு. நீங்க என்ன சொல்றீங்க?

---

சும்மா_படிக்கிறவன் எழுதியது:

ப்ரோ, கல்ல அடுக்கி என்னத்த காட்டுனாங்க? ஒத்தைப்படைக்கும் வரம்புக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு புரியல, கொஞ்சம் எறங்கி வந்து சொல்லுங்க.

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

தம்பி, இத நான் கிளாஸ்ல புளியங்கொட்டை வச்சு செஞ்சு காட்டுவேன், வீட்ல செஞ்சு பாருங்க.

ஒரு கொட்டைய வைங்க. அத சுத்தி 'ட' மாதிரி ரெண்டு பக்கம் மட்டும் அணைச்சாப்ல 3 கொட்டை வைங்க, 4 ஆச்சு, சதுரம். அதுக்கு வெளில 5 வைங்க, 9, மறுபடி சதுரம். அப்புறம் 7, மொத்தம் 16, அப்பவும் சதுரம். 1, 3, 5, 7ன்னு ஒத்தைப்படையா எவ்ளோ வேணா கூட்டிட்டே போங்க, பெருசாகுமே தவிர உருவம் மாறவே மாறாது.

இப்ப கலைச்சுட்டு ரெண்டு கொட்டைல ஆரம்பிங்க. சுத்தி 4 வைங்க, 6, அது 2க்கு 3 செவ்வகம். அடுத்து 6 வச்சா 12, அது 3க்கு 4. அடுத்து 8 வச்சா 20, 4க்கு 5. எப்பவும் செவ்வகம் தான், ஆனா எந்த ரெண்டு செவ்வகமும் ஒரே அச்சுல இருக்காது. ஒவ்வொரு தடவையும் நீள அகல விகிதம் மாறிட்டே போகும், சதுரத்த நெருங்கிட்டே போகும் ஆனா தொடாது.

ஒத்தை ஏன் வரம்புப் பக்கம், ரெட்டை ஏன் வரம்பில்லாத பக்கம்னு கேட்டீங்கல்ல, இதான் காரணம். அரிஸ்டாட்டில் பிசிக்ஸ் மூணாவது புத்தகத்துல இந்த 'ட' வடிவ அடுக்க பத்தி ரெண்டே வரில சொல்லிட்டு போயிடுறாரு, அந்த ரெண்டு வரிக்கு உரை எழுதியே பலர் காலம் போயிருக்கு. ஆக பட்டியல்ல ரெண்டாவது ஜோடியும் கடைசி ஜோடியும் தனித்தனி இல்ல, ஒண்ணுலேர்ந்து ஒண்ணு பொறந்தது. கூழாங்கல் சார் சொல்ற பாதி உண்மை தான்.

---

சும்மா_படிக்கிறவன் எழுதியது:

அட, சமையல் ரூம்ல இப்ப தான் செஞ்சு பாத்தேன் மேடம், செம. அம்மா கொட்டைய எங்கடான்னு கத்துறாங்க.

அப்ப 1 எந்தப் பக்கம்? ஒத்தை தானே?

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

அவங்க கணக்குல 1 ரெண்டும் தான். ஒத்தைப்படையோட 1ஐ கூட்டினா ரெட்டை வரும், ரெட்டையோட கூட்டினா ஒத்தை வரும், ரெண்டையும் பொறக்க வைக்கிறதுன்னா ரெண்டு குணமும் உள்ள இருக்கணும்னு ஒரு வாதம். ஆனா பட்டியல்ல ஜோடியோட முதல் ஆளுங்கெல்லாம் ஒரு பத்தி, ரெண்டாவது ஆளுங்கெல்லாம் எதிர் பத்தி; அதே "ஒன்று" ஒத்தை இருக்கற பத்திலயே உக்காந்திருக்கு பாருங்க. இடிக்குதா? இடிக்கத்தான் செய்யுது. எல்லாரும் ஒரே மாதிரி நெனச்ச கூட்டம் இல்ல அது.

---

ஆதிமூலம் எழுதியது:

இதெல்லாம் நம்ம ஆளுங்க எப்பவோ சொன்னது. புருஷன் (உயிர்) பிரகிருதி (இயற்கை), 25 தத்துவம்னு நம்ம சாங்கிய தரிசனம் எண்ணி வச்சிருக்கு. பித்தாகரஸ் இந்தியா வந்து கத்துக்கிட்டு போனவர்னு எல்லாரும் சொல்றாங்களே. நம்ம பெருமைய நாமளே பேசலன்னா எப்படி?

---

கூழாங்கல் எழுதியது:

ஐயா, பித்தாகரஸ் இந்தியா வந்தார்னு சொல்றதெல்லாம் அவர் செத்து பல நூறு வருஷம் கழிச்சு வந்த கதை. அதே மாதிரி எகிப்து போனார், பாபிலோன் போனார்னும் கதை உண்டு, ஒரு மனுஷன் எத்தன ஊர் தான் போவாரு.

சாங்கியத்துல ரெண்டு மூலம் இருக்கு, எண்ணிக்கையும் இருக்கு, வாஸ்தவம். ஆனா அங்க 25ங்கற எண்ணுக்குன்னு தனி குணம் எதுவும் இல்ல, தத்துவங்கள எண்ணினா அவ்ளோ வருது, அவ்ளோதான். இவங்க சொல்றது எண்ணே பொருள்னு. வித்தியாசம் பெருசு.

நிஜமா ஒப்பிடணும்னா சுல்ப சூத்திரத்த எடுங்க. பௌதாயனர் வேள்வி மேடை கட்டறதுக்காக சதுரத்தோட மூலைவிட்டத்துக்கு கணக்கு தர்றாரு, பின்னமா போட்டா 577/408 வருது, தசமத்துல அஞ்சு இடம் வரைக்கும் சரி. செங்கல் அடுக்கறவனுக்கு அது போதும். அதே மூலைவிட்டம் தான் கிரேக்கத்துல பெரிய தலைவலியா போச்சு, அத யாராவது விரிவா எழுதுங்க.

---

வீணைக்காரி எழுதியது:

மூலைவிட்டத்துக்கு முன்னாடி நான் கம்பிய பத்தி சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் "எல்லாம் எண்"ங்கற வாசகத்த பிடிச்சுக்கிட்டு பட்டியலோட முதல் ஜோடிய மறந்துட்டீங்க.

வீணைல ஒரு கம்பி, மெட்டே (கம்பிய அழுத்தறதுக்கு கீழ குறுக்க வச்சிருக்கற கட்டை) இல்லன்னு வச்சுக்கோங்க. விரல வழுக்கிட்டே போனா சத்தம் ஏறிட்டே போகும், நடுவுல எங்கயும் நிக்காது, எத்தன சுருதின்னு எண்ணவே முடியாது. அதுதான் வரம்பில்லாதது. அதுல நீளம் 84 செ.மீ.ன்னா சரியா பாதில, 42ல தொட்டா மேல் ஸா. 56 செ.மீ. பேச விட்டா பஞ்சமம். 63 விட்டா சுத்த மத்திமம். அதாவது 2:1, 3:2, 4:3. வரம்பு எங்க விழணும்னு நம்ம இஷ்டம் இல்ல, காதுக்கு இதமா இருக்கற இந்த மூணு இடமும் 1, 2, 3, 4ங்கற நாலே எண்ணுக்குள்ள முடிஞ்சுடுது. நிஜ வீணைல முறையே 12வது, 7வது, 5வது மெட்டு தான் இந்த மூணும் (அழுத்தும்போது கம்பி இழுவை கூடறதால மெழுகுல மெட்ட மயிரிழை அப்படி இப்படி தள்ளுவாங்க, அது வேற விஷயம்).

அந்த நாலு எண்ணையும் கூட்டினா பத்து. ஒண்ணுக்கு கீழ ரெண்டு, மூணு, நாலுன்னு முக்கோணமா புள்ளி வச்சு அது மேல சத்தியம் பண்ணுவாங்களாம் அந்தக் கூட்டத்துல. பட்டியல்ல ஏன் சரியா பத்து ஜோடி, ஒம்போது ஏன் இல்லன்னா இதான் காரணம்னு நெனக்கறேன்.

குரோட்டன் ஊர் பிலோலாஸ் எழுதினதுல கொஞ்சம் துண்டு துண்டா மிஞ்சியிருக்கு. உலகம் வரம்பு வைக்கிறதும் வரம்பில்லாததும் பொருந்தி ஆனதுன்னு தான் அவர் ஆரம்பிக்கிறாரு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத ரெண்டு சேரணும்னா நடுவுல ஒரு இசைவு வேணும்கறாரு, உடனே அடுத்து சுருதி விகிதத்த கணக்கு போடறாரு. அவருக்கு இது உவமை கூட இல்ல, உலகம் நெஜமாவே அப்படித்தான் இருக்குன்னு சொல்றாரு.

இன்னொண்ணு கவனிச்சேன். டீச்சர் அடுக்கின செவ்வகத்தோட பக்கங்கள பாருங்க, 1க்கு 2, 2க்கு 3, 3க்கு 4. அதான் மேல் ஸா, பஞ்சமம், மத்திமம்! கெட்ட பத்தின்னு ஒதுக்கின செவ்வகத்துலேர்ந்து தான் சங்கீதம் வருது. சதுரத்தோட பக்கம் எப்பவும் 1க்கு 1, அதுல ஒரே சுருதி தான், கச்சேரி நடக்காது.

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

வீணைக்காரி, இத்தன வருஷம் கொட்டை அடுக்குறேன், இந்தப் பக்கம் யாரும் சொல்லி கேட்டதில்ல. நாளைக்கு கிளாஸ்ல சொல்லப் போறேன்.

---

ஃபிசிக்ஸ்_மாமா எழுதியது:

எல்லாரும் உருகறீங்க, நான் கொஞ்சம் தண்ணி தெளிக்கறேன்.

கொல்லன் பட்டறை கதை கேட்டிருப்பீங்க. பித்தாகரஸ் பட்டறை பக்கமா போறப்ப சுத்தியல் சத்தம் இனிமையா கேட்டுச்சாம், எடை போட்டா 12, 9, 8, 6ஆம், அப்புறம் அதே எடைய கம்பில தொங்க விட்டும் அதே சுருதி வந்துச்சாம். சுத்தமா கப்ஸா. இழுவிசைய ரெண்டு மடங்கு பண்ணா சுருதி ரெண்டு மடங்கு ஏறாது, வர்க்கமூலம் அளவுக்கு தான் ஏறும். மேல் ஸா வேணும்னா நாலு மடங்கு எடை தொங்கணும். கலிலியோவோட அப்பா வின்சென்சோ லூட்ங்கற தந்தி வாத்திய வித்வான், 16ஆம் நூற்றாண்டு கடைசில அவர் இத சோதிச்சு எழுதினாரு. அதுக்கு முன்னாடி ஆயிரத்து சொச்சம் வருஷம் ஒருத்தர பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சாங்க, ஒரு பய கூட கல்ல தொங்க விட்டு பாக்கல.

இதுல கூத்து என்னன்னா, 6ம் 12ம் தொங்க விட்டா நெஜத்துல வர்ற விகிதம் 2ன் வர்க்கமூலம், 1.414. கிட்டத்தட்ட பிரதி மத்திமம். எந்த மூலைவிட்டத்த பாத்து அந்தக் கூட்டம் மிரண்டுச்சோ அதே எண், அவங்க கதைக்குள்ளயே ஒளிஞ்சுட்டு இருந்திருக்கு.

ரெண்டாவது, பத்து மேல உள்ள மோகம். வானத்துல சுத்தறது எத்தனை? நட்சத்திர மண்டலம் ஒண்ணு, கிரகம் அஞ்சு, சூரியன், சந்திரன், பூமி. ஆக ஒம்போது. பத்து வரணுமே! எதிர்ப்பூமின்னு ஒண்ண சேத்துட்டாங்க. நடுவுல ஒரு தீ, அத சுத்தி பத்தும் சுத்துது, நாம வசிக்கிற பக்கம் தீய பாக்காத பக்கம், அதனால தீயும் தெரியாது எதிர்ப்பூமியும் தெரியாது. வசதியா போச்சு. அரிஸ்டாட்டில் செம கடுப்பாகி, இவங்க கண்ணுல பட்டதுக்கு காரணம் தேடல, தங்க கொள்கைக்கு ஏத்தாப்ல உலகத்த இழுக்கறாங்கன்னு திட்டறாரு. நியாயமான திட்டு.

---

கூழாங்கல் எழுதியது:

மாமா, சுத்தியல் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. எதிர்ப்பூமி விஷயத்துல கொஞ்சம் எரக்கம் காட்டுங்க.

முதல்ல, பூமிய நடுவுலேர்ந்து எழுப்பி மத்ததோட சேத்து சுத்த விட்டது பெரிய துணிச்சல். கோபர்நிகஸ் 1543 புத்தகத்தோட முன்னுரைல பிலோலாஸ் பேர சொல்லி தான் தைரியம் வரவழைச்சுக்கறாரு. அடுத்து, ஒரு ஊர்ல இருந்து பாத்தா சந்திர கிரகணம் சூரிய கிரகணத்த விட அதிகமா தெரியுது, அதுக்கு இந்த மாதிரி கண்ணுக்கு தெரியாத பொருளுங்க குறுக்க வர்றது காரணமா இருக்கலாம்னு சிலர் சொன்னத அரிஸ்டாட்டிலே இன்னொரு எடத்துல பதிவு பண்றாரு. தப்பான விளக்கம் தான், ஆனா வெறும் பத்து மோகம் மட்டும்னு சொல்லிட முடியாது.

கண்ணுல படாதத கணக்குக்காக சேக்கறது தப்பா என்ன? லெவெரியேங்கற வானியல்காரர் யுரேனஸோட ஆட்டத்த வச்சு கணக்கு போட்டு இங்க பாருங்கன்னாரு, 1846ல பெர்லின்ல காலே தொலைநோக்கிய திருப்பினாரு, நெப்டியூன் இருந்துச்சு. அதே லெவெரியே புதன் பாதை இடிக்குதுன்னு 1859ல உள்ள இன்னொரு கிரகம் இருக்கணும்னாரு, வல்கன்னு பேரெல்லாம் வச்சாச்சு, கடைசி வரைக்கும் இல்லவே இல்ல, 1915ல ஐன்ஸ்டைன் வந்து ஈர்ப்பு விதியவே மாத்தி தான் அத தீர்த்தாரு. ஒரே ஆள், ஒரே முறை, ஒண்ணு ஜெயிச்சுது ஒண்ணு ஊத்திக்கிச்சு.

---

ஃபிசிக்ஸ்_மாமா எழுதியது:

வல்கன்ல வித்தியாசம் இருக்கே. அது எந்தப் பக்கம் தெரியணும்னு சொன்னாங்க, தேடினாங்க, இல்லன்னு ஆச்சு. எதிர்ப்பூமிய தேடவே முடியாத எடத்துல வச்சுட்டாங்க. அதான் என் சண்டை.

---

தென்றல் எழுதியது:

யாராவது சொல்வீங்கன்னு பாத்தேன், ஒருத்தரும் வாயே திறக்கல, நானே சொல்றேன். ஆண் ஒரு பத்தி, பெண் எதிர் பத்தி. ஆண் பக்கம் வெளிச்சம், நேர், நல்லது. பெண் பக்கம் இருட்டு, வளைவு, கெட்டது. இத எந்தக் கொட்டைய அடுக்கி காட்டுனாங்க? கூழாங்கல் சொல்ற "வித்தவுட்" விஷயம் ரொம்ப சாஃப்ட்டா இருக்கு. இது தெரியாம ஏறினது இல்ல, பத்தியா பிரிச்சதுக்கே இது தான் காரணம்னு கூட சொல்லலாம். ரெண்டு விஷயம் எதிரெதிர்னு சொல்றது ஒண்ணு, எதிரெதிர் எல்லாத்தையும் வரிசைல நிறுத்தி இவங்கெல்லாம் ஒரு கட்சி அவங்கெல்லாம் ஒரு கட்சின்னு சொல்றது வேற. வெளிச்சத்துக்கும் வலது கைக்கும் என்ன சொந்தம்? பத்தின்னு கோடு போட்டவுடனே சொந்தம் வந்துடுது.

வேடிக்கை என்னன்னா அந்தக் கூட்டத்துல பெண்கள் இருந்தாங்க. பின்னாடி வந்த இயாம்ப்ளிக்கஸ் பேர் பட்டியலே குடுத்திருக்காரு, 218 ஆண், 17 பெண். தியானோ பேர் பலருக்கு தெரியும். அந்த 17 பேரும் இந்த பத்திய பாத்து என்ன நெனச்சிருப்பாங்கன்னு தான் எனக்கு தோணும்.

---

ஆதிமூலம் எழுதியது:

அம்மா, நம்ம ஊர்லயும் மொய் 101, 501ன்னு ஒத்தைப்படைல தானே வைக்கிறோம். அதுக்கும் காரணம் இருக்குமே.

---

தென்றல் எழுதியது:

ஒத்தைப்படைல வைங்க ஐயா, நல்லா வைங்க. ஒத்தைப்படை ஆம்பளன்னு சொல்லாம வைங்க.

---

பாதசாரி எழுதியது:

தென்றல் சொன்னதோட நான் ஒண்ணு சேக்கறேன். அதே குரோட்டன்ல அல்க்மையோன்னு ஒருத்தர், வைத்தியம் தெரிஞ்சவர். அவரும் மனுஷ விஷயம் பெரும்பாலும் ரெண்டு ரெண்டா தான் இருக்குன்னாரு, ஆனா பத்துன்னு பூட்டு போடல, கறுப்பு வெளுப்பு, இனிப்பு கசப்பு, பெருசு சிறுசுன்னு கைக்கு வந்தத சொன்னாரு. ஒடம்புல சூடு குளிர், ஈரம் வறட்சி எல்லாம் சம அதிகாரத்துல இருந்தா ஆரோக்கியம், ஒண்ணு மட்டும் ராஜாவானா நோய்னு அவர் கருத்து. அங்க கெட்ட பத்தியே கிடையாது. இவர்கிட்ட இருந்து அவங்க எடுத்தாங்களா அவங்ககிட்ட இருந்து இவர் எடுத்தாரான்னு அரிஸ்டாட்டிலாலயே சொல்ல முடியல.

எபேசஸ் ஹெராக்ளிடஸ் இன்னும் ஒரு படி மேல. ஏறுற பாதையும் எறங்குற பாதையும் ஒரே பாதைங்கறாரு. வில்லையும் யாழையும் காட்டி, எதிரெதிரா இழுக்கற இழுப்பு தான் அத அதுவா வச்சிருக்குங்கறாரு. அவருக்கு எண்ணும் வேணாம் பத்தியும் வேணாம். பித்தாகரஸ நிறைய படிச்சும் புத்தி வராத ஆள்னு வேற நக்கல் அடிச்சிருக்காரு. எனக்கு இவர் தான் புடிக்கும், ஆனா ஒத்துக்கணும், இவர வச்சு ஒரு மெட்டு கூட வைக்க முடியாது. வில்லு இழுக்குதுன்னு சொல்லுவாரு, எவ்ளோ இழுக்குதுன்னு சொல்லமாட்டாரு.

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

மூலைவிட்டம் கேட்டீங்கல்ல கூழாங்கல் சார், இப்ப நேரம் கெடச்சுது.

சதுரத்தோட பக்கம் q, மூலைவிட்டம் p, ரெண்டும் முழு எண்ணா அளக்க முடியும்னு வைங்க, பொதுக் காரணிய எல்லாம் அடிச்சு சுருக்கியாச்சு. p² = 2q². அப்ப p² ரெட்டை, அதனால p ரெட்டை. சுருக்கியாச்சுன்னதால ரெண்டும் ரெட்டையா இருக்க முடியாது, ஆக q ஒத்தை. இப்ப p ரெட்டைன்னா p = 2r, உள்ள போட்டா 4r² = 2q², அதாவது q² = 2r². அப்ப q ரெட்டை. ஒரே q ஒத்தையும் ரெட்டையும்!

அரிஸ்டாட்டில் தர்க்க நூல்ல இத ஒரே வரில சொல்றாரு, மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் பொது அளவு இருக்குன்னு வச்சா ஒத்தை எண் ரெட்டைக்கு சமமாயிடும்னு. நம்ம பட்டியலோட ரெண்டாவது ஜோடி இதுல என்ன பாடுபடுதுன்னு பாருங்க. மூலைவிட்டத்துக்கு எண் குடுக்கணும்னா ஒத்தை ரெட்டை வேலிய ஒடைக்கணும். வேலி வேணும்னா மூலைவிட்டத்துக்கு எண் கிடையாது. அவங்க வேலிய வச்சுக்கிட்டாங்க. "எல்லாம் எண்"ங்கறது அங்க அடி வாங்கிச்சு. இத வெளில சொன்ன ஹிப்பாசஸ் கடல்ல மூழ்கினார்ங்கறது எழுநூறு வருஷத்துக்கு அப்புறம் எழுதினவங்க கதை, அதுலயே வேற காரணமும் சொல்றாங்க, பன்னெண்டு ஐங்கோணம் சேந்த உருண்டைய வெளிய சொன்னதுக்காகன்னு. நான் கிளாஸ்ல கடல் கதைய சொல்றதில்ல, நிரூபணமே போதும், பசங்க வாய பொளப்பாங்க.

---

கூழாங்கல் எழுதியது:

அதுல எனக்கு புடிச்சது என்னன்னா, தோத்ததுக்கு காரணம் ஒத்தை ரெட்டை பொய்ங்கறது இல்ல, அது ரொம்ப நெஜமா இருந்தது தான். தென்றல் குத்தின ஆண் பெண் ஜோடிய எடுங்க, அத வச்சு எதையும் நிரூபிக்கவும் முடியாது, அது எங்கயும் ஒடையவும் ஒடையாது, ஏன்னா அது எதையும் சொல்லவே இல்ல. ஒத்தை ரெட்டை மட்டும் தான் தன்னோட சொந்தக் கட்சியையே எதுத்து சாட்சி சொல்லிச்சு.

---

வீணைக்காரி எழுதியது:

கம்பிலயும் அதே சண்டை இருக்கு, சொல்லிட்டு போறேன்.

ஸாலேர்ந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்த ஸாவா வச்சு அதோட பஞ்சமம், இப்படியே 12 தடவை ஏறினா ஏழு ஸ்தாயி மேல அதே ஸாவுக்கு வந்து சேரணும்னு தோணும். கணக்கு போடுங்க. 3/2ஐ 12 தடவை பெருக்கினா 129.75. 2ஐ ஏழு தடவை பெருக்கினா 128. சேரல. ஏன் சேரலன்னா ஒரு பக்கம் 3ன் 12ஆம் அடுக்கு 531441, இன்னொரு பக்கம் 2ன் 19ஆம் அடுக்கு 524288. மூணோட அடுக்கு எப்பவும் ஒத்தை, ரெண்டோட அடுக்கு எப்பவும் ரெட்டை, கோடி தடவை ஏறினாலும் சமமாகாது. காதுக்கு அது அரை ஸ்வரத்துல கால்வாசிக்கு கொஞ்சம் கம்மி, ஆனா நல்லாவே கேக்கும்.

நமக்கு இது பெருசா கடிக்காது, தம்புரா ஸா நகராம பின்னாடி ஓடிட்டே இருக்கும், பன்னெண்டு பஞ்சமம் சுத்தி வீடு வந்து சேரணும்னு கட்டாயம் இல்ல. பியானோ, ஹார்மோனியம் பாடு தான் திண்டாட்டம். இப்ப உள்ள முறைப்படி அதுல 1.5 இருக்க வேண்டிய ஒவ்வொரு பஞ்சமத்தையும் 1.4983க்கு எறக்கி வச்சு, அந்த இடைவெளிய பன்னெண்டு பேருக்கும் பங்கு போட்டு குடுத்திருக்காங்க.

---

ஃபிசிக்ஸ்_மாமா எழுதியது:

ஆல் இந்தியா ரேடியோல 1940லேர்ந்து முப்பது வருஷம் ஹார்மோனியத்துக்கு தடை இருந்துச்சே, கமகம் வராது, சுருதி சேராதுன்னு. 3ன் அடுக்கும் 2ன் அடுக்கும் ஒத்துப் போகலன்னா அந்தப் பொட்டி என்னம்மா பண்ணும், பாவம்.